மென்பவளத் தொட்டியின் தண்ணீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாஃப்ட் கோரல் என்று எல்லோரும் சொல்லும் மென்பவளத்தை வளர்க்கத் தொடங்கியவர் யாரைப் பார்த்தாலும், ஐந்தாவது நிமிடத்தில் பேச்சு தண்ணீருக்கு வந்துவிடுகிறது. கேள்விகளும் அதேதான். சொன்ன பதிலையே சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வருவது முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் வரும். கணக்கு வரும் இடத்திலெல்லாம் தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மென்பவளம்னா என்ன? கல் பவளத்துக்குப் பார்க்கிற அளவெல்லாம் இதுக்கும் பார்க்கணுமா?

கல் பவளம் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து நாள் முழுக்கக் கட்டடம் கட்டிக்கொண்டிருக்கும். மென்பவளத்துக்கு அந்த வேலை இல்லை. சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடிச் சுண்ணாம்பு முட்கள் இருக்கும், அவ்வளவுதான். அதனால் கால்சியம், மெக்னீசியம் இரண்டும் இதற்கு மெதுவாகத்தான் செலவாகும். பார்க்க வேண்டாம் என்றில்லை, தினமும் பார்த்துப் பதற வேண்டாம்.

லெதர், டோட்ஸ்டூல், சினுலேரியா, செனியா, கிரீன் ஸ்டார் பாலிப் ஆகியவை அசல் மென்பவளங்கள். பாலிப்பை, அதாவது பவளத்தின் ஒவ்வொரு குட்டி உயிரையும், உற்றுப் பார்த்தால் இறகு போன்ற எட்டுக் கைகள் தெரியும். பவளம் போலவே வளர்க்கப்படும் மஷ்ரூமும் ஜோவாவும் உயிரியல்படி வேறு குடும்பம். ஆனால் தண்ணீர் விஷயத்தில் எல்லாம் ஒரே பந்தியில் உட்காரும் என்பதால் இங்கே சேர்த்தே பேசுகிறேன்.

எந்த அளவு எவ்வளவு இருக்கணும்? ஒரே மூச்சில் சொல்லிடுங்க.

உப்பளவு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம், அதாவது 25 டிகிரி வெப்பத்தில் ஒப்படர்த்தி 1.026. வெப்பம் 24 முதல் 27 டிகிரி. கே.எச், அதாவது அமிலத்தைத் தாங்கும் இருப்பு, 7 முதல் 10 டிகிரி. கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). மெக்னீசியம் 1250 முதல் 1350. பி.எச் 7.8 முதல் 8.4. நைட்ரேட் 5 முதல் 20, பாஸ்பேட் 0.03 முதல் 0.1. அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம்.

இதில் எனக்கு முதல் எண்தான் முக்கியம். உப்பளவு தெரியாமல் மற்ற எண்ணைப் படிப்பது, தராசு தட்டை நிமிர்த்தாமல் எடை போடுகிற மாதிரி. ஏன் என்று கால்சியம் கேள்வியில் வருகிறது.

குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்து ஊற்றினால் போதாதா?

போதாது. குளோரின் போய்விடும். நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட், குழாயிலிருந்து கரைந்து வரும் செம்பு எல்லாம் அப்படியே இருக்கும். செம்பு மிகச் சிறிய அளவிலேயே முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு நஞ்சு.

சவ்வு வழியே அழுத்தி வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீரும், அதற்குப் பின்னால் மிச்ச அயனிகளைப் பிடிக்கும் ஒரு டி.ஐ. ரெசினும் வேண்டும். வெளியே வரும் தண்ணீரில், கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்ட வேண்டும். 2, 3 என்று ஏறத் தொடங்கினால் ரெசின் முடிந்தது என்று அர்த்தம். குடிப்பதற்கான ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காகக் கனிமம் திரும்பச் சேர்ப்பார்கள் அல்லது கொஞ்சம் மூலத் தண்ணீரைக் கலப்பார்கள். அந்தத் தண்ணீரை அப்படியே பிடிப்பதற்கு முன் மீட்டரை முக்கிப் பாருங்கள்.

உப்பு கலக்குவதில் என்ன இருக்கு? தொட்டியிலேயே போட்டுக் கலக்கக்கூடாதா?

உயிர் இருக்கும் தொட்டியில் கூடவே கூடாது. கரையாத உப்புமணி பவளத்தின் மேல் விழுந்தால் அந்த இடம் வெந்து போகும். தனி வாளியில் ஆர்.ஓ. தண்ணீரை எடுத்து, பம்ப் ஓட்டி, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். வாளியில் உப்பைக் கொட்டிவிட்டு அதன் மேல் தண்ணீர் ஊற்றுவது தவறு. தொடக்கத்தில் கரைசல் மிதமிஞ்சிச் செறிந்து, கால்சியமும் கார்பனேட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வெள்ளைப் படிவாக அடியில் இறங்கிவிடும். அப்படிப் போன கே.எச் திரும்பி வராது.

தண்ணீர் மட்டம் குறைஞ்சா உப்புத் தண்ணீர்தானே ஊத்தணும்? கடல் தொட்டிதானே?

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே இருக்கிறது. அதனால் ஈடு செய்ய வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர்.

கணக்குப் பாருங்கள். 100 லிட்டரில் தோராயமாக 3500 கிராம் உப்பு. தினம் 1 லிட்டர் ஆவியாகிறது, நீங்கள் தினம் 1 லிட்டர் உப்புத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். பத்து நாளில் 350 கிராம் உப்பு கூடுதலாகச் சேர்ந்து 35 என்பது 38.5 ஆகிவிடும். தொட்டியில் பார்வைக்கு ஒரு மாற்றமும் தெரியாது. செனியா மட்டும் கை அசைப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

ரிஃப்ராக்டோமீட்டர் 35 காட்டுது. நம்பலாமா?

ஒளி வளைவதை வைத்து உப்பளவைக் காட்டும் கருவிதான் ரிஃப்ராக்டோமீட்டர். எதை வைத்து அதைச் சரிபார்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலானோர் ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு 0க்குத் திருகி வைத்து, அத்தோடு விட்டுவிடுகிறார்கள். 0இல் சரியாக இருக்கும் கருவி 35இல் பிசகலாம். பல கருவிகள் வெறும் சோடியம் குளோரைடு கரைசலுக்காகச் செய்யப்பட்டவை, கடல்நீர் ஒளியை வளைக்கும் விதம் கொஞ்சம் வேறு. 35க்கென்றே விற்கும் நிர்ணயக் கரைசலை விட்டு, கோடு 35இல் நிற்கும்படி திருகுங்கள். கையில் அது இல்லையென்றால் 36.5 கிராம் தூய சோடியம் குளோரைடை 963.5 கிராம் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்தால் ரிஃப்ராக்டோமீட்டரில் அது 35 கடல்நீர் போலவே தெரியும். மின்கடத்தும் திறனை அளக்கும் கருவிகளுக்கு இந்தக் கலவை சரிவராது.

சொட்டை விட்டதும் உடனே படிக்காதீர்கள். அரை நிமிடம் பொறுத்தால் சொட்டும் கண்ணாடியும் ஒரே வெப்பத்துக்கு வரும். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் வைத்திருப்பவர்கள், முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவு கூடிக் காட்டும் என்பதை மனதில் வையுங்கள்.

கால்சியம் 360தான் வருது. என்ன ஊத்தட்டும் அண்ணா?

ஒன்றும் ஊற்ற வேண்டாம் தம்பி, முதலில் உப்பைப் பாருங்கள். இந்தக் கேள்வியோடு வந்த ஒருவர் ஏற்கனவே கால்சியம் கரைசல் வாங்கி அரைப் பாட்டிலை ஊற்றியிருந்தார். ஏறிய கால்சியத்தை ஈடுகட்ட மெக்னீசியம், அப்புறம் கே.எச் என்று சங்கிலி நீண்டுகொண்டே போயிருந்தது. அவருடைய ரிஃப்ராக்டோமீட்டரை நிர்ணயக் கரைசலில் வைத்துப் பார்த்தால் 40 காட்டியது. அதாவது அவர் 35 என்று நம்பிய தண்ணீர் உண்மையில் 30 பக்கம். 35இல் 420 இருக்க வேண்டிய கால்சியம் 30இல் 360தான் இருக்கும். தண்ணீரில் கால்சியம் குறையவில்லை, கடலே குறைந்திருந்தது.

இது ஏன் இவ்வளவு ஒழுங்காகப் பொருந்துகிறது என்பதற்கு ஒரு பழைய ஆதாரம் உண்டு. சேலஞ்சர் எனும் ஆய்வுக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிக் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை வேதியியலாளர் வில்லியம் டிட்மார் பகுப்பாய்வு செய்து 1884இல் முடிவுகளை வெளியிட்டார். திறந்த கடலில் உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் மாறினாலும், அதிலுள்ள முக்கிய உப்புகளின் விகிதம் ஏறக்குறைய மாறுவதே இல்லை என்பதை அது உறுதி செய்தது. செயற்கை உப்புப் பொட்டலம் அந்த விகிதத்தைத்தான் பின்பற்ற முயல்கிறது. ஆகவே கால்சியம், மெக்னீசியம், கே.எச் மூன்றும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் சந்தேகம் உப்பளவின் மேல்தான் முதலில் போக வேண்டும்.

உப்பளவு உண்மையிலேயே 35 இருந்து, கால்சியம் மட்டும் 380க்குக் கீழே என்றால் அப்போது கால்சியம் குளோரைடு கரைசலைப் பற்றி யோசிக்கலாம். மென்பவளம் மட்டுமே இருக்கும் தொட்டியில் இது அரிது.

புதுத் தொட்டி. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கு. பவளம் எப்போ விடலாம்?

தெளிவுக்கும் தகுதிக்கும் சம்பந்தமில்லை. அமோனியாவும் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். பாறையிலும் மணலிலும் பாக்டீரியா குடியேறி, அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றத் தொடங்க வேண்டும். பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். இடையில் நைட்ரேட் சோதனைக் கிட் பயமுறுத்துகிற எண்ணைக் காட்டினால் நம்பாதீர்கள். தண்ணீரில் நைட்ரைட் இருக்கும்போது பல கிட்டுகள் அதையும் சேர்த்து நைட்ரேட்டாகக் காட்டும். அமோனியா, நைட்ரைட் இரண்டும் ஒரு வாரம் தொடர்ந்து 0 என்றால் ஒரு மஷ்ரூமிலிருந்து ஆரம்பியுங்கள்.

கே.எச்சும் பி.எச்சும் ஒண்ணுதானே?

இல்லை. பி.எச் என்பது இந்த நொடியில் தண்ணீர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது. கே.எச் என்பது சாய்க்க வருவதைத் தாங்கும் இருப்பு, பெரும்பாலும் பைகார்பனேட். பி.எச் ஒரே நாளில் மேலும் கீழும் போய்வரும். கே.எச் அப்படி ஆடினால் எங்கோ தவறு.

ராத்திரி 8.2 இருந்த பி.எச் காலையில் 7.8. ஏத்துறதுக்கு மருந்து போடலாமா?

வேண்டாம், அது தொட்டி மூச்சு விடுவது. விளக்கு எரியும்போது பவளத்துக்குள் வாழும் பாசிகளும் தொட்டியின் மற்றப் பாசிகளும் கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன, பி.எச் ஏறுகிறது. விளக்கணைத்தபின் எல்லா உயிரும் கரியமில வாயுவை விடுகின்றன, இறங்குகிறது.

பகலிலும் 7.8 தாண்டவில்லை, கே.எச் சரியாக இருக்கிறது என்றால் அறைக் காற்றைப் பாருங்கள். ஜன்னல் மூடிய அறையில் நாலு பேர் தூங்கினால் காற்றில் சேரும் கரியமில வாயு தண்ணீருக்கும் வந்து சேரும். ஜன்னலைத் திறந்துவைத்து ஒரு நாள் அளந்து பாருங்கள். நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டே பலர் இதைத் தீர்த்திருக்கிறார்கள். பி.எச் ஏற்றி என்று விற்பதை ஊற்றினால் பி.எச் சில மணி நேரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடும், கே.எச்தான் ஏறிக்கொண்டே போகும்.

கே.எச் 6க்கு இறங்கிடுச்சு. ஆனா கால்சியம் அசையவே இல்லை. இது எப்படி?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. சுண்ணாம்பு கட்டுவதால் கே.எச் இறங்கினால் கூடவே கால்சியமும் இறங்க வேண்டும். கே.எச் 2.8 டிகிரி போனால் கால்சியம் 20 பி.பி.எம் போகும். 2 டிகிரி இறக்கத்துக்குக் கால்சியத்தில் 14தான். வீட்டுக் கிட்டில் அது கண்ணுக்குத் தெரியாமலே போகலாம், அதனால் "அசையவில்லை" என்பதை முழுசாக நம்ப வேண்டாம்.

மென்பவளத் தொட்டியில் இன்னொரு வழியும் உண்டு. உணவிலிருந்து வரும் அமோனியா நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் உண்டாகி கே.எச்சைத் தின்கிறது. நைட்ரேட் 50 பி.பி.எம் சேர்ந்தால் அதற்குப் பின்னால் ஏறக்குறைய 2.3 டிகிரி கே.எச் போயிருக்கும். பாக்டீரியா அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றினாலோ, பாசி அதை உறிஞ்சி வளர்ந்தாலோ போன கே.எச் திரும்பி வந்துவிடும். நைட்ரேட் தண்ணீரிலேயே தங்கும் தொட்டியில் திரும்பி வராது. ஆக, கே.எச் மட்டும் தனியாக இறங்குகிறது, நைட்ரேட் ஏறுகிறது என்றால் குற்றவாளி பவளம் இல்லை, தீனி.

ஏற்றுவது எளிது. சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் 1 டிகிரி ஏறும். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைத் தொடாதீர்கள். ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் வேகமாக இருக்கும் இடத்தில் மெதுவாக விடுங்கள். ஒரு நாளைக்கு 1 டிகிரிக்கு மேல் வேண்டாம். தொட்டி 100 லிட்டர் என்றால் பாறையும் மணலும் போக உள்ளே இருக்கும் தண்ணீர் 85 லிட்டர்தான் இருக்கலாம், அதற்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

நைட்ரேட் 0, பாஸ்பேட் 0. நல்ல தொட்டின்னு சொல்லலாமா?

பட்டினித் தொட்டி என்று சொல்லலாம். மென்பவளத்துக்குள் குடியிருக்கும் பாசிகள்தான் அதற்குச் சோறு போடுகின்றன, அந்தப் பாசிகளுக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். இரண்டும் 0இல் நின்றால் நிறம் வெளிறும், செனியா கரையும், பாறைமேல் குமிழிகளோடு பழுப்பு நிறக் கோழை மாதிரி டைனோஃப்ளாஜெல்லேட் எனும் நுண்ணுயிர் படர வாய்ப்பு அதிகம். அதை விரட்டுவது, நைட்ரேட் 30ஐ இறக்குவதைவிடப் பல மடங்கு தலைவலி.

தீனியைக் கூட்டுங்கள். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துகள் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். ஸ்கிம்மரை இரவில் மட்டும் ஓட்டுங்கள். முதலில் இந்த மூன்றையும் செய்துவிட்டு இரண்டு வாரம் பொறுங்கள்.

நைட்ரேட் 40. பத்து சதவீதம் தண்ணீர் மாத்தினேன், இறங்கவே இல்லையே?

இறங்கியது, 36க்கு. உங்கள் கிட்டின் வண்ண அட்டையில் 40க்கும் 36க்கும் நடுவில் நிறமே இல்லை. வாரம் பத்து சதவீதமாக நான்கு வாரம் மாற்றினால் 26 வரும், அதுவும் இடையில் புதிதாக ஒன்றும் சேரவில்லை என்றால். மீன் சாப்பிடுகிறதே, சேராமல் எப்படி இருக்கும்?

தண்ணீர் மாற்றுவதை நைட்ரேட் இறக்கும் கருவியாக நினைக்காதீர்கள். உப்புகளின் விகிதத்தைப் பழைய நிலைக்கு இழுத்துக்கொண்டு வருவதுதான் அதன் முதல் வேலை. நைட்ரேட்டுக்குத் தீனியைக் குறைப்பது, ஸ்கிம்மர், சம்பில் (தொட்டியோடு இணைந்த கீழ்த் தொட்டி) கீட்டோமார்ஃபா பாசி வளர்த்து அவ்வப்போது பிடுங்கி எறிவது. இவை நிலைத்து வேலை செய்யும். 25, 30இல் லெதரும் மஷ்ரூமும் கொழுத்துக் கிடக்கின்றன என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

என் கிட்டில் 4, நண்பர் கிட்டில் அதே தண்ணீர் 18. யார் சொல்றது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். கிட்டின் தாளில் பொடி எழுத்தைப் படியுங்கள். சில கிட்டுகள் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் சொல்லும், சில முழு நைட்ரேட்டைச் சொல்லும். நைட்ரஜனை 4.4ஆல் பெருக்கினால் நைட்ரேட். பாஸ்பேட்டிலும் இதே கூத்து உண்டு, பாஸ்பரஸ் எண்ணை 3.07ஆல் பெருக்க வேண்டும்.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் 16க்கு 1 இருக்கணும்னு சொல்றாங்களே?

ரெட்ஃபீல்ட் எனும் கடலியல் அறிஞர் 1934இல் கடல்நீரிலும் மிதவை உயிர்களிலும் கண்ட விகிதத்திலிருந்து வந்தது அது. கணக்கு அணுக்களில். கிட் சொல்லும் எடைக் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 10க்கு 1. இரண்டையும் குழப்பிக்கொண்டு பாஸ்பேட்டை இறக்கத் துரத்துபவர்கள் கடைசியில் மேலே சொன்ன பட்டினித் தொட்டியில்தான் வந்து நிற்கிறார்கள். இரண்டாவது கேள்வியில் சொன்ன எல்லைக்குள் இரண்டும் இருந்தால் விகிதத்தை மறந்துவிடலாம்.

அயோடின், ட்ரேஸ் (நுண்தனிமம்) சொட்டு மருந்து எல்லாம் விடணுமா?

அளக்காததை ஊற்றாதீர்கள். முறையாகத் தண்ணீர் மாற்றினாலே வேண்டியது வந்துவிடுகிறது.

எண்ணெல்லாம் சரி. ஆனா டோட்ஸ்டூல் ஒரு வாரமா மூடிக் கிடக்கு. செத்துடுச்சா?

தலையின் மேல் மெழுகு பூசிய மாதிரி பளபளப்பான ஏடு தெரிகிறதா? அப்படியென்றால் தோலுரிக்கிறது. ஒட்டிய பாசியையும் அழுக்கையும் இப்படித்தான் அது உதறும். ஒரு வாரம், சில நேரம் இரண்டு வாரம் பாலிப் வெளியே வராது. பவர்ஹெட் பம்பை அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பி நீரோட்டம் கொடுத்தால் ஏடு கிழிந்து போகும். அழுகல் நாற்றம், சதை பழுப்பாக இளகிக் கரைவது இந்த இரண்டும் இருந்தால்தான் கவலை.

கார்பன் போட்டே ஆகணுமா? தண்ணீர் மஞ்சளா இல்லையே.

கல் பவளம் பக்கத்து வீட்டுக்காரனைக் கொட்டும், மென்பவளம் தண்ணீரில் விஷத்தைக் கரைத்துவிடும். குறிப்பாக லெதர், சினுலேரியா வகைகள் டெர்பீன் எனும் சேர்மங்களை வெளியிட்டு அக்கம்பக்கத்தை ஒடுக்கும். எந்த வீட்டுக் கிட்டும் இதைக் காட்டாது. கார்பன், அதாவது செயலூட்டிய கரி, அதை உறிஞ்சும். அதனால்தான் எண்களெல்லாம் சரியாக இருந்தும் ஜோவா மட்டும் திறக்காத தொட்டிக்கு நான் முதலில் சொல்வது: புதுக் கார்பன் போட்டு இரண்டு நாள் பாருங்கள்.

நானே ஒருமுறை சோம்பேறித்தனமாக டோட்ஸ்டூலின் தலையைத் தொட்டிக்குள்ளேயே வைத்து நறுக்கினேன். பால் மாதிரி ஒரு திரவம் கசிந்தது. பத்து நிமிடத்தில் ஜோவாக்கள் பொத்தான் மாதிரி மூடிக்கொண்டன, மாலைக்குள் ஸ்கிம்மர் கோப்பை பொங்கித் தரையெல்லாம் நுரை. இருபது சதவீதம் தண்ணீரை மாற்றிக் கார்பனையும் புதிதாகப் போட்டபின் மூன்றாம் நாள்தான் அவை திறந்தன. இப்போது தனிப் பாத்திரத்தில், கையுறை போட்டுத்தான் வெட்டுகிறேன். கார்பனை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். புதிதாகப் போடுவதற்கு முன் ஆர்.ஓ. தண்ணீரில் தூசு போகக் கழுவுங்கள்.

மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய். தொட்டியில் காப்பர் மருந்து விடலாமா?

பவளம் இருக்கும் தொட்டியில் ஒருபோதும் கூடாது. மூன்றாவது பதிலில் குழாயிலிருந்து வரும் செம்புக்கே பயந்தோம். மீனைப் பிடித்துத் தனித் தொட்டியில் வைத்து மருந்து கொடுங்கள். ஒருமுறை காப்பர் விட்டால் பாறையும் மணலும் அதைப் பிடித்துவைத்துக்கொண்டு பிற்பாடு மெல்லக் கசியவிடும்.

பத்து நாள் வெளியூர் போறேன். தண்ணீர் தானா ஊத்துற கருவி மாட்டியிருக்கேன், போதும்தானே?

கருவி எத்தனை லிட்டர் டப்பாவிலிருந்து எடுக்கிறது என்று சொல்லுங்கள். மிதவையின் மேல் ஒரு நத்தை ஏறி உட்கார்ந்தால் போதும், டப்பா காலியாகும் வரை பம்ப் ஓடும். சம்பில் இடமிருந்து 10 லிட்டரும் ஒரேயடியாக உள்ளே போனால் 35 என்பது 31.8 ஆகும். மென்பவளம் முகம் சுளிக்கும், ஆனால் பிழைக்கும். 20 லிட்டர் என்றால் 29. தினம் 1 லிட்டர் ஆவியாகும் தொட்டிக்குப் பத்து நாளுக்கு 10 லிட்டர் டப்பா போதும், "எதற்கும் இருக்கட்டும்" என்று பெரிய டப்பா வைக்காதீர்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் தண்ணீர் மாற்றுவது, புது மருந்து ஊற்றுவது, பம்பைக் கழற்றிக் கழுவுவது எதுவும் வேண்டாம். இருந்தால் நாலு நாள் முன்பே முடியுங்கள், ஏதாவது பிசகினால் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். பார்த்துக்கொள்ள வருபவரிடம் தீனி டப்பாவைக் கொடுக்காதீர்கள். பாவம் மீன் என்று அள்ளிப் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பொட்டலமாக மடித்து, தேதி எழுதி வைத்துவிட்டு, டப்பாவை எங்காவது ஒளித்துவிட்டுப் போங்கள்.